தீயைக் காவல் காத்த தீயணைப்புக்காரன்

நான் அணைத்த தீ எதுவும் இன்று யாருக்கும் நினைவில் இல்லை. வைக்கோல் படப்பு, இலவம்பஞ்சு மெத்தைக் கடை, கரும்புத் தோட்டம், கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போன லாரி என்று வாழ்நாளெல்லாம் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஊர் சௌகரியமாக மறந்துவிட்டது. அணைக்காமல் நின்று பார்த்த ஒரே ஒரு தீயை மட்டும் மறப்பேனா என்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் டீக்கடையில் யாராவது ஒருவர், "அந்தக் கல்யாண வீட்டுத் தீ" என்று ஆரம்பித்துவிட்டுத்தான் எனக்கு டீ சொல்கிறார்.

போன மாதம் எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். தீயணைப்பு உடை போட்ட இரண்டு பேர், எரிகிற கேஸ் சிலிண்டரைச் சுற்றித் தகரம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காற்று தீயை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்களாம். பின்னணியில் கோமாளி மேளம். "அப்பல்லாம் எப்படி வேலை பாத்திருக்காங்க பாருங்க சார்" என்று எழுதி, சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார். இடது பக்கம் தகரம் பிடித்திருப்பவன் நான்தான் என்று பதில் எழுதினேன். அப்புறம், "ஏன் சார் அப்படி நின்னீங்க?" என்று கேட்டார். பொம்மை எதுவும் போடாமல் கேட்டதால் அவருக்குப் பதில் சொல்லலாம் என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், ஏணி ஏறினோம், சல்யூட் அடித்தோம், ஏன் அடிக்கிறோம் என்று கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். ஒரே ஒரு வகுப்பு மட்டும் நினைவிருக்கிறது. பயிற்சியாளர் மைதானத்தில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதில் கேஸைத் திறந்து பற்றவைத்தார். கொஞ்சமாகத் திறந்தபோது தீ குழாயின் வாயிலேயே உட்கார்ந்து எரிந்தது. இன்னும் திறந்தார். தீ வாயை விட்டுக் கிளம்பி ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. நடுவில் வெறும் இடைவெளி. கேஸ் மேலே பாய்கிற வேகமும், தீ அதை எரித்துக்கொண்டு கீழே இறங்கப் பார்க்கிற வேகமும் எங்கே சரிக்குச் சரியாகின்றனவோ அங்கேதான் அது கால் ஊன்றும் என்றார். மேலும் திறந்தார். தீ தள்ளாடியது, எம்பியது, பட்டென்று காணாமல் போனது.

நாங்கள் கை தட்டினோம். கை தட்டியவர்களை எல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார். மூச்சு வாங்க வந்து நின்றவர்களைக் கேட்டார்: "தீ போயிருச்சு. கேஸ் போயிருச்சா?" குழாய் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. "எரியுற வரைக்கும் கேஸ் எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். அணைஞ்ச பிறகு அது எங்க இருக்குன்னு நீங்கதான் தேடணும். சில சமயம் அதுவே உங்களத் தேடி வரும்."

இந்தப் பாடத்தோடு நான் வந்து சேர்ந்த இடம் கம்பம் பள்ளத்தாக்கு. சொந்த ஊர்ப் பக்கம்தான். ஆனி, ஆடியில் இங்கே காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பைக்கை நேராக ஓட்ட முடியாது, வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இந்தக் காற்றில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிற எங்கள் ஊர் மாஸ்டர்களுக்கு ஒரு தனிச் சித்தாந்தம் உண்டு. காற்றில் தீ அலைபாய்ந்தால் ரெகுலேட்டரை இன்னும் திருகுவார்கள். "காத்து ஒண்ணு குடுத்தா நாம ரெண்டு குடுக்கணும்ல?" என்று ஒரு பரோட்டாக் கடைக்காரர் என்னிடமே கேட்டிருக்கிறார். வேகத்தைக் கூட்டினால் தீ பர்னரை விட்டு இன்னும் மேலே எம்பும், காற்றுக்கு அதைத் தள்ளிவிடுவது இன்னும் சுலபமாகும், குறைத்து வைத்து மறைப்பு கட்டுங்கள் என்று சொன்னேன். குறைப்பதா? எங்கள் பக்கத்தில் தீயைக் குறைப்பது தோற்றுப்போவதற்குச் சமம். அவர் கூட்டினார், தீ அணைந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடி கூட்டினார். காற்றோடு பஞ்சாயத்து பேசுகிற தோரணையில் அவர் செய்ததைப் பார்த்துவிட்டு, பரோட்டா சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

எங்கள் நிலைய அலுவலர் பெயர் சங்கரலிங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தீப்பிடித்த இடத்தில் மற்ற அதிகாரிகள் "ஓடு, தூக்கு, அடி" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர், "கொஞ்சம் அந்த ஹோஸை எடுத்துட்டு வரலாமா?" என்பார். ஏதோ கல்யாண வீட்டில் ஜமக்காளம் கேட்கிற மாதிரி இருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பார், நுனியைப் பிடித்துத் தொங்கவிடுவார், அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். அப்புறம் அதை நாலாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைப்பார். கசக்கித் திணிக்கிற வழக்கமே கிடையாது. அந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை எழுதினால் இந்தக் கட்டுரையை யாரும் வெளியிட மாட்டார்கள். "வீடே வேகுது, இந்தாளு துணி மடிக்கிறாரு" என்பது அவற்றிலேயே மரியாதையானது. எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் செயல்விளக்கம் காட்டுவதும் எங்கள் வேலை. சிலிண்டரில் தீயைப் பற்றவைத்துவிட்டு அணைத்துக் காட்ட வேண்டும். ஐயா பக்கவாட்டில் போய், கையை நீட்டி, வால்வைத் திருகி மூடுவார். தீ சத்தமில்லாமல் சுருங்கி அணையும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர் நேராகவே கேட்டுவிட்டார்: "சார், ஈரச்சாக்க வீசி அமுக்குவீகளே, அதைக் காட்டுங்க சார். போட்டோவுக்கு அதுதான் நல்லாருக்கும்." ஐயா காட்டினார். சாக்கு விழுந்ததும் விசில் பறந்தது. அப்புறம் சாக்குக்கு அடியில் கையை விட்டு வால்வை மூடினார். அதற்குள் பிள்ளைகள் கலைந்து போயிருந்தார்கள். முக்கால்வாசிப் பாடத்தோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது இப்படித்தான்.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

மணப்பெண் என் மனைவி செல்வியின் அண்ணன் மகள். மச்சானுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். ஒரே மகள். மாப்பிள்ளை வீடு வருசநாட்டுப் பக்கம், நல்ல வசதி, அதைவிட நல்ல ரோஷம். சம்பந்தம் முடிவதற்குள் மச்சான் அவர்கள் வீட்டுக்கு நடந்த நடையில் செருப்புத் தேய்ந்தது. ஆனி மாத முகூர்த்தம், அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு மண்டபம். நான் லீவு கேட்டேன். "காத்து சீசன்ல யாருக்கும் லீவு குடுக்கறதில்ல. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் ஐயா. தப்பாகத்தான் நினைத்துக்கொண்டேன். செல்வி முந்தின நாளே பட்டுச்சேலையோடு கிளம்பிப் போனாள். "பொண்ணுக்கு மாமான்னு ஒருத்தர் இருக்காருன்னு போட்டோவுல வட்டம் போட்டுக் காட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலையில் நிலையத்துக்குப் போன் வந்தது. மண்டபத்தின் பெயரைக் கேட்டதும் தொட்டுப் பார்த்தேன். அழைப்பிதழ் என் சட்டைப் பையிலேயே இருந்தது. லீவு கிடைக்காத கல்யாணத்துக்கு மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டியில் போய் இறங்கிய முதல் சொந்தக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

நடந்தது இதுதான். மண்டபத்தின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் சமையல். காற்றில் அடுப்பு நிற்கவில்லை. மாஸ்டர் வழக்கம்போல ரெகுலேட்டரைத் திருகியிருக்கிறார். அணைந்திருக்கிறது. மறுபடி பற்றவைத்து, மறுபடி திருகி, கடைசியில் சிலிண்டர் வாயில் மாட்டியிருந்த இணைப்பே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பாய்ந்த கேஸ் பக்கத்து அடுப்பில் பற்றிக்கொண்டது. நாங்கள் போனபோது சிலிண்டர் வாயிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்குத் தீ பக்கவாட்டில் சீறிக்கொண்டிருந்தது. வாய்க்கும் தீக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. காற்று அடிக்கும்போது அந்த இடைவெளி இரண்டு சாணானது. பயிற்சி மைதானத்துக் குழாய் என் கண்முன்னால் வந்தது.

ஐயா இறங்கினார். கைக்குட்டையை எடுத்தார், பார்த்தார், நாலாக மடித்தார். ஜனம் என்ன சொல்லியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். இந்த முறை சொன்னதெல்லாம் என் சொந்தக்காரர்கள் என்பதுதான் வித்தியாசம்.

பக்கத்தில் இருந்த மற்ற சிலிண்டர்களை முதலில் அப்புறப்படுத்தினோம். பிறகு நான் தண்ணீரை விசிறி மாதிரி விரித்துப் பிடிக்க, அதை மறைப்பாக வைத்துக்கொண்டு ஐயா தோல் கையுறையோடு குனிந்து போய் வால்வைத் திருக முயன்றார். குமிழ் உருகிப் போயிருந்தது. தண்டைப் பிடித்துத் திருகினால் அது சும்மா சுற்றியது. சிலிண்டரை வெளியே இழுக்கவும் வழியில்லை. அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி வைத்திருந்தார்கள். ஐயா திரும்பி வந்தார்.

"மூட முடியாது. காலியாகுற வரைக்கும் எரியட்டும். தண்ணி சிலிண்டர் உடம்புமேல மட்டும் படணும். தீமேல ஒரு சொட்டு படக் கூடாது. தீ அணைஞ்சா கேஸ் எங்க போகும்னு பாருங்க" என்று கையைக் காட்டினார்.

கொட்டகையிலிருந்து படிக்கட்டு ஒன்று கீழே இறங்கியது. கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கூடம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக இறங்க வசதியாகக் கட்டியிருந்தார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. அதற்கும் அந்தப் படிக்கட்டு வசதிதான். கீழே வாழையிலை போட்டு மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு, மின்விசிறி, டிபன் சூடு பண்ண ஓரத்தில் ஒரு சின்ன அடுப்பு என்று பற்றவைக்கிற சாமான் எல்லாம் அங்கே தயாராக இருந்தது. மேலே தீ எரிகிற வரைக்கும் அவர்களுக்கு ஆபத்தில்லை. அது அணைந்தால்தான் ஆபத்து. இதை ஒரு கல்யாண வீட்டில் எப்படிப் புரியவைப்பீர்கள்?

"முதல்ல கீழ இருக்கிறவங்களை வெளிய அனுப்பிடலாமா?" என்றார் ஐயா மச்சானிடம்.

மச்சான் பட்டு வேட்டியும் சந்தனமுமாக நின்றிருந்தார். "சார், மாப்பிள்ள வீட்டாளுக இலையில உக்காந்துருக்காக. பாதி இலையில எந்திரின்னு எப்படிச் சொல்றது? அதுக்கு நான் இந்தத் தீயில விழுந்துருவேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, கையில தண்ணி வச்சுருக்கீக. நாலடி தூரத்துல தீ எரியுது. அடிச்சு அணைச்சு விடுங்க, ரெண்டு நிமிஷ வேல. எம்மக கல்யாணம் மாப்ள."

உண்மையைச் சொன்னால், என் கை அரித்தது. ஹோஸ் முனையில் இருக்கும் பிராஞ்சை ஒரு திருப்புத் திருப்பினால் போதும், தீ காலி. பெண் வீட்டுச் சொந்தம் முழுக்க என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். நானோ அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு தீயைத் தொடாமல் சிலிண்டரை மட்டும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "இத்தன கிட்டக்க நின்னு அடிச்சும் குறி தப்புதே, இவரெல்லாம் எப்படி வேலைக்கு எடுத்தாக?" என்று கேட்டார். என் ஒன்றுவிட்ட பெரியப்பா.

அந்தச் சமயம் பார்த்து ஒருவர் சொட்டச் சொட்ட ஈரச்சாக்கோடு ஓடி வந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு ஆசைப்பட்ட அதே தலைமை ஆசிரியர். மச்சானுக்குத் தெரிந்தவராம். ஐயா அவர் குறுக்கே போய் நின்றார்.

"சார், அதைத் தரையில போட்டு அதுமேல உக்காந்துக்குங்க" என்றார்.

"நீங்கதான சார் எங்க பள்ளிக்கூடத்துல செஞ்சு காட்டுனீக?"

"மிச்சத்தையும் காட்டினேன். நீங்க போட்டோ பார்த்துக்கிட்டு இருந்தீங்க" என்றார் ஐயா. அந்த மனிதர் என் சர்வீஸில் ஒருவரைக் குத்திப் பேசியது அந்த ஒரு முறைதான்.

பிறகு என்னிடம் வந்தார். "உங்க சொந்தந்தானே. நீங்க கீழ போய்ச் சொல்லிட்டு வரலாமா?" ஹோஸை என் கூட்டாளி அழகரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.

கீழே பொங்கலும் வடையும் மணத்தன. தலையில் ஹெல்மெட், உடம்பெல்லாம் நனைந்து நான் போய் நின்றேன். தலை இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. மேலே கேஸ் தீ, எல்லோரும் வெளியே போய்விடுங்கள், ஐந்து நிமிடம் என்று குழறிச் சொன்னேன். அவர் வடையைப் பிய்த்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"தீ எங்கன எரியுது?"

"மேல, கொட்டகையிலங்கய்யா."

"அப்ப நீங்க இங்கன என்ன பண்றீக?"

நியாயமான கேள்விதான். வரிசையே சிரித்தது. "பாதி இலையில எந்திரிக்கச் சொன்னா சம்பந்தமும் பாதியிலதான் நிக்கும். பொண்ணு வீட்டாளுகட்டச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் சட்னி கேட்டார்.

விளக்கிச் சொல்லலாம். ஒரு சாண் இடைவெளி, இரண்டு சாண் இடைவெளி, காற்றைவிடக் கனம் என்று பாடம் எடுக்கலாம். மேலே காற்று தகரத்தைப் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குனிந்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை, பொங்கலோடும் வடையோடும் சேர்த்து மடித்தேன்.

அடுத்தவர் இலையைச் சாப்பிடும்போதே மடித்தால் என்ன அர்த்தம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அடுத்த இலையையும் மடித்தேன், அதற்கடுத்ததையும். எதிர் வரிசையில் செல்வி சாம்பார் வாளியோடு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். தன் பக்கத்துப் பெண்களின் இலைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு வந்தாள்.

பெரியப்பா எழுந்தார். "ஏலே, எந்திரிங்கடா எல்லாரும்!" என்று ஒரு சத்தம். கூடம் மொத்தமும் எழுந்து, எச்சில் கையோடு, முன்வாசல் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டது. ஆள்களை வெளியேற்ற எங்கள் துறையில் மைக், விசில், கயிறு, ஏணி எல்லாம் உண்டு. அவமானம் மாதிரி வேகமாக வேலை செய்கிற கருவி எதுவும் இல்லை. ஓர் ஆத்தா மட்டும் கேசரியை முந்தானையில் முடிந்துகொண்டு கடைசியாகப் போனது.

கூடத்து அடுப்பையும் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, செல்வியை அனுப்பிவிட்டு நான் பாதிப் படி ஏறியிருப்பேன். ஒரு பெரிய காற்று வந்தது. சீறல் சத்தம் மட்டும் இருந்தது, தீயைக் காணோம். மேலே ஜனம் கை தட்டியது. விசில்கூட அடித்தார்கள். வெள்ளைப் புகை மாதிரி ஒன்று தரையோடு தரையாகப் படியைப் பார்த்து வந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஓடலாம் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள், கொட்டகை மூலையில் கனன்றுகொண்டிருந்த பந்தல் துணியில் அது பிடித்துக்கொண்டது. குப்பென்று ஒரு சத்தம். சாம்பார் அண்டா கவிழ்ந்தது. என் புருவம் கருகியது. தீ மறுபடி தன் இடத்தில் போய் நின்று எரிய ஆரம்பித்தது. இன்னும் இரண்டு மூச்சு தாமதித்திருந்தால் கேஸ் கீழே கூடம் வரைக்கும் இறங்கியிருக்கும்.

"இனிமே இது அணையக் கூடாது" என்றார் ஐயா. அப்போதுதான் அந்தத் தகரம். கொட்டகைச் சுவரிலிருந்து பெயர்ந்து கிடந்த இரண்டு தகரங்களை நானும் ஐயாவும் ஆளுக்கொன்றாகக் காற்று வரும் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அழகர் தண்ணீர் அடித்தார். மறைப்பு கிடைத்ததும் தீ நிதானத்துக்கு வந்தது. நேரம் ஆக ஆக சிலிண்டரில் அழுத்தம் குறைய, அந்தரத்தில் நின்ற தீ கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கு இறங்கி வந்தது. சிலிண்டர் மேல் பனி பூத்திருந்தது. கடைசியில் தீ வாயிலேயே உட்கார்ந்து, நீலமாகச் சிறுத்து, தானாக அணைந்தது. சீறலும் இல்லை. அப்போது கை தட்டியிருக்க வேண்டும். யாரும் தட்டவில்லை. எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் சொன்னது இது: தீ தானாகவே அணைந்தது, தீயணைப்புக்காரர்கள்தான் திரும்பப் பற்றவைத்தார்கள், அப்புறம் அது அணையாமல் காவலும் காத்தார்கள், நடுவில் ஒருத்தன் போய்ப் பந்தியையும் கலைத்தான். பற்றவைத்தது பந்தல் துணி என்பதைத் தவிர, ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் பெரிய பொய் இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு இலைகூடக் கருகவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார்கள். எதுவும் நடக்காமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று யாரிடம் சொல்வது? நாலு பேர் வெந்திருந்தால் எங்களுக்கு மாலை போட்டிருப்பார்கள்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் சம்பந்திப் பேச்சு நடந்தது. மச்சான் போய் மாப்பிள்ளையின் பெரியப்பா காலில் விழுந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இலையை மடித்தவன் மண்டபத்துக்குள் காலை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையில் சமாதானம் ஆனது. நான் பின்பக்கம் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் கேட்டது. அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். சுருட்டுவதை நிறுத்தி, கொட்டகைச் சுவரைப் பார்த்துக் கைகூப்பினேன்.

வீடியோ மேலே எட்டியது. "அருகிலிருந்தும் தண்ணீரைத் தீயின் மீது செலுத்தாதது ஏன்? இயற்கையாக அணையவிருந்த தீயைத் தகரம் கொண்டு பாதுகாத்தது ஏன்?" என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஐயா பொறுமையாக எழுதினார்: "தீ அணைந்த பின் வாயு எங்கே சென்றிருக்க வேண்டும் என்பதைத் தங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. தெரிவித்தால் அதற்கேற்ப விளக்கம் அளிக்கிறேன்." அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஐயாவுக்கு இடமாறுதல் மட்டும் வந்தது. அதையும் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அதைத் தாங்கிக்கொண்டேன். செல்வியோடும் பேசுவதை நிறுத்தினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற சீர் நின்றது. ஓடைப்பட்டி வழியாகப் பஸ்ஸில் போனால் அவள் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டாள். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். வருடங்கள் இப்படியே போயின. நான் நிலைய அலுவலராகி, ஓய்வும் பெற்றேன்.

இந்த ஆனியில் அந்த மணப்பெண்ணே வந்தாள். மகனுக்குக் காதுகுத்து, ஓடைப்பட்டித் தோட்டத்து வீட்டில். "மாமா, நீங்களும் அத்தையும் வரலேன்னா நான் இலை போட விட மாட்டேன்" என்றாள். போனோம். மச்சான் வாசலில் இல்லை. என்னைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். எதிர் இலையில் அதே வருசநாட்டுப் பெரியப்பா. என்னைக் கண்டதும் தன் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாம்பார் ஊற்ற வந்த சமையல்காரருக்கு மூச்சு வாங்கியது. ஏன் என்று கேட்டேன். "அடுப்பை எங்கன கொண்டு போய் வச்சுருக்காரு தெரியுமாண்ணே? தோட்டத்துக்கு அங்கிட்டு. வாளியைத் தூக்கி நடந்தே கால் போச்சு. இங்கன கொல்லையில வைக்கறேன்னு சொன்னா பெரியவரு அடிக்க வாராரு" என்றார்.

எழுந்தேன். கை கழுவவில்லை. திராட்சைப் பந்தலைத் தாண்டி வெட்டவெளி. காற்று வீட்டைத் தாண்டி இங்கே வருகிற பக்கம், கேஸ் கசிந்தாலும் வீட்டுக்குப் போகாது. மூன்று புறமும் தகரம் அடித்து நிறுத்தியிருந்தது. அடுப்புகளில் தீ தணிந்து, பர்னரிலேயே கால் ஊன்றி எரிந்தது. சிலிண்டர்கள் தள்ளித் தள்ளி நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வால்வு கைக்கு எட்டுகிற தூரத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். வயதாகியிருந்தது. பேரன் காது குத்துகிற நேரத்தில்கூட அங்கிருந்து நகரவில்லையாம்.

என்னைப் பார்த்தார். என் எச்சில் கையைப் பார்த்தார். அவர்தான் பேசினார்.

"பாதி இலையில எந்திரிச்சு வரலாமா மாப்ள? போய்ச் சாப்பிடுங்க. பந்தி முடியற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

திரும்பி நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"செல்வி சாப்பிட்டாளான்னு பாருங்க."